இடப்பக்கத்துக் காது

ரொட்டிக்குக் கட்டைச் சம்பல் மட்டும் போதுமா, பருப்பும் வைக்கவா என்று புஷ்பவதி மூன்றாவது தடவையாகக் கேட்டாள். பழனிமுத்து பதில் சொல்லவில்லை. குசினி வாசற்படியில் உட்கார்ந்து, யாருடையதோ ஒரு கால்சட்டையின் மடிப்பைப் பிளேடால் பிரித்துக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமையும் கடை வேலையை வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுகிற மனிதர். அவருடைய இடது தோளுக்குப் பின்னால் கரண்டியோடு நின்று, அந்த மௌனத்தை அளந்துகொண்டிருந்தாள் அவள்.

"நான் கேட்டா கேக்காது. கடையில இருக்குறவ கூப்புட்டா ஊசி விழுற சத்தம்கூட கேக்கும்," என்றாள், வேண்டுமென்றே சத்தமாக.

அவர் தலையை மட்டும் திருப்பாமல் உடம்போடு திரும்பினார். சில மாதங்களாக அப்படித்தான் திரும்புகிறார்.

"என்னா?"

"ஒண்ணுமில்ல. பருப்பு வைக்கவான்னு கேட்டேன்."

"வை. அதுக்கு ஏன் கரண்டிய கத்தி மாதிரி புடிச்சிருக்க?"

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அதைக் காட்டிக்கொள்ளக் கூடாதென்று முகத்தைத் தாழ்த்தினாள். அப்போதுதான் மேற்கு வெயில் பட்ட அவருடைய கழுத்தைப் பார்த்தாள். இடது காதுக்குக் கீழே, தோலுக்குள் ஒரு சாதிக்காயைப் பதுக்கி வைத்த மாதிரி ஒரு புடைப்பு. விரலால் அழுத்தினாள். கெட்டியாக இருந்தது, நகரவில்லை. வலிக்கிறதா என்றாள். இல்லை என்றார். எப்போது வந்தது என்றாள். தோளைக் குலுக்கினார். அன்றைக்குச் சமைத்த பருப்புக்கறிதான் அந்தத் தோட்டத்து லயத்து வீட்டில் வேறெதையும் நினைக்காமல் அவள் சமைத்த கடைசிக் கறி.

அவளுடைய கோபத்துக்கு அப்போது எட்டு மாத வயது. பிறந்த நாளே அவளுக்குத் தெரியும். தைப்பொங்கலுக்கு முந்தின வெள்ளிக்கிழமை, ஜனவரி பன்னிரண்டு.

இரத்தோட்டைக் கடைத்தெருவில் பஸ் நிற்கிற இடத்துக்குச் சற்று மேலே பழனிமுத்துவின் தையல் கடை. ஒரே அறை. உள்ளே உட்கார்ந்திருப்பவருக்கு இடது கைப்பக்கம் கதவும் ஜன்னலும். நடுவில் அவருடைய மெஷின். அவருக்கு இடப்பக்கம், ஜன்னலோரம், ஸுலைஹாவின் மெஷின். வலப்பக்கம் துணி மூட்டைகள் அடுக்கிய இருட்டு மூலை. ஸுலைஹா அங்கே பட்டன் கட்டவும் விளிம்பு அடிக்கவும் வந்து நாலு வருஷம். அவளுடைய புருஷன் கட்டாரில். முப்பத்தைந்து வயது இருக்கும். நெற்றிவரை இழுத்துக் குத்திய முக்காடும், எதைச் சொன்னாலும் முதலில் சிரித்துவிட்டுப் பிறகு யோசிக்கிற முகமும்.

புஷ்பவதிக்குத் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் வேலை. கொழுந்து பறிக்கப் போகிற தாய்மார் விட்டுவிட்டுப் போகிற இருபத்துமூன்று பிள்ளைகளுக்குப் பால், தூக்கம், மலம், நிறை எல்லாம் அவளுடைய கொப்பியில். அந்த வெள்ளிக்கிழமை அரைநாள் வேலை. சோற்றுக் கேரியரைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸேறிக் கடைக்குப் போனாள். வாசலில் நின்றுவிட்டாள். ஜன்னலோரத்தில் ஸுலைஹாவின் மெஷின் இல்லை. அங்கே மூட்டைகள். மெஷின் அவருடைய வலப்பக்கம், அந்த இருட்டு மூலையில் இருந்தது. மேலே வயரில் ஒரு பல்ப் புதிதாகத் தொங்கியது. முன்பு இரண்டு மெஷின்களுக்கும் நடுவே ஒரு ஆள் நடக்க இடம் இருக்கும். இப்போது ஒரு முழம்கூட இல்லை. ஸுலைஹா என்னவோ சொல்ல, அவர் நூலைப் பல்லில் கடித்தபடி சிரித்துக்கொண்டிருந்தார்.

"என்னா, மெஷின மாத்திட்டீங்க?"

அவர் தலை நிமிரவில்லை. ஸுலைஹாதான் சொன்னாள்: "அங்கால வெளிச்சம் கண்ணுல அடிக்கிது அக்கா."

ஊசியில் நூல் கோக்கிற ஒருத்தி, ஜன்னலை விட்டுவிட்டுப் பல்புக்கடியில் போய் உட்கார்ந்துகொண்டு வெளிச்சம் கண்ணில் அடிக்கிறது என்கிறாள். பொய் சொன்னாலும் கொஞ்சம் யோசித்துச் சொல்லக் கூடாதா என்று புஷ்பவதிக்குத் தோன்றியது. கேரியரை மேசையில் வைக்கவில்லை, போட்டாள். மூடி உருண்டு மூட்டைக்கடியில் போனது. எடுக்காமல் திரும்பி நடந்தாள். மூன்று நாள் அவரோடு பேசவில்லை. அந்த வருஷத்துப் பொங்கல் பொங்கி வழிந்தபோது "பொங்கலோ பொங்கல்" சொன்னது அவர் மட்டும்தான்.

அதற்குப் பிறகு அவளுக்கு எல்லாமே சாட்சியாகிவிட்டது. வீட்டில் அவர் பேச்சு குறைந்தது. படுக்கையில் அவள் சொல்வது பாதிக்கு மேல் காற்றில் போனது. முக்கால் மணிநேரம் தங்கச்சி வீட்டுக் கதையைச் சொல்லி முடித்துவிட்டுப் பார்த்தால், கண்ணைத் திறந்தபடியே கூரைத் தகரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். கடையிலோ அப்படியில்லை. பிள்ளைக்காம்பராவுக்குக் குழந்தையை விட வரும் ரஜிதா ஒருநாள் சொன்னாள்: "புஷ்பாக்கா, சட்டை வாங்கப் போனேன். ஒங்க வீட்டுக்காரரும் அந்த அக்காவும் ஒரே சிரிப்பு. நாங்கூட ரேடியோ போட்டிருக்காங்களோன்னு நெனச்சேன்." ரஜிதா சும்மா சொன்னாள். புஷ்பவதி அன்றைக்கு நாலு பிள்ளைகளின் நிறையைத் தப்பாக எழுதினாள்.

மாத்தளை ஆஸ்பத்திரியில் காது மூக்குத் தொண்டை டொக்டர் மூக்கு வழியே ஒரு மெல்லிய குழாயை விட்டுப் பார்த்தார். மூக்குக்குப் பின்னால், தொண்டை தொடங்குகிற கூரையில் ஒரு கட்டி இருக்கிறது என்றார். காதையும் மூக்கையும் இணைக்கிற சின்ன வழி அங்கேதான் திறக்கிறதாம். கட்டி அதை அடைத்தால் அந்தப் பக்கத்துக் காது மந்தமாகுமாம்.

"இடது காது எவ்வளவு நாளா கேக்கல?"

பழனிமுத்து வாயைத் திறப்பதற்குள் அவள் சொன்னாள்: "ரெண்டு மாசமா சேர்."

அவளுக்கு அப்படித்தான் தெரிந்தது. இரண்டு மாதமாக டீவியின் சத்தத்தைக் கூட்டி வைக்கிறார், அவ்வளவுதான். டொக்டர் எழுதிக்கொண்டார். பழனிமுத்து எதுவும் சொல்லவில்லை.

கண்டியில் சிகிச்சை தொடங்கியது. ஏழு கிழமை கதிர் வைத்தார்கள், நடுநடுவே ஊசி மருந்து. முகத்துக்கு அளவெடுத்து வலை மாதிரி ஒரு மூடி செய்தார்கள். படுக்க வைத்து, அதை முகத்தில் வைத்து மேசையோடு பூட்டிவிடுவார்கள். "ஊரு முழுக்க நான் அளவெடுத்தேன். எனக்கு அளவெடுத்தவன் இவன்தான். தையல் சுத்தமா இருக்கு," என்றார் முதல் நாள். மூன்றாம் கிழமையில் எச்சில் வற்றியது. ஐந்தாம் கிழமையில் ருசி போனது. அவள் வைத்த ரசத்தையும் வெறும் வெந்நீரையும் ஒரே முகத்தோடு குடித்தார்.

சனி ஞாயிறுகளில் வீட்டுக்கு வருவார். அப்படி ஒரு சனிக்கிழமை ஸுலைஹா பார்க்க வந்தாள், ஒரு பையில் மாதுளம்பழமும் தேனும். கட்டிலின் இடப்பக்கம், வாசலுக்கு நேரே முக்காலி கிடந்தது. ஸுலைஹா உட்காரவில்லை. முக்காலியைத் தூக்கிக்கொண்டு கட்டிலைச் சுற்றிப் போய், சுவருக்கும் கட்டிலுக்கும் நடுவிலிருந்த சந்தில் போட்டு, உடம்பை ஒடுக்கிக்கொண்டு அவருடைய வலப்பக்கம் உட்கார்ந்தாள். மெதுவாகத்தான் பேசினாள். அவருக்கு எல்லாம் கேட்டது. தலையாட்டினார். ஒரு இடத்தில் சிரிக்கவும் பார்த்தார், வெடித்த உதடு விடவில்லை.

அவள் கிளம்பும்போது புஷ்பவதி பாதை வரை போனாள்.

"நீ ஏன் சுத்திக்கிட்டு அங்க போய் ஒக்காந்த?"

"அந்தப் பக்கம்தானே அக்கா அவருக்குக் கேக்குற?"

"ஒனக்கு எப்பருந்து தெரியும்?"

ஸுலைஹாவுக்கு அப்போதுதான் என்ன சொல்லிவிட்டோம் என்று புரிந்தது. முக்காட்டைச் சரிசெய்தாள். "யூனிபோம் தைக்கிற நேரம் அக்கா. நான் பேசுற ஒண்டும் அவருக்கு வெளங்கல்ல. அளவு செல்லுவேன், வேற அளவுக்கு வெட்டிருவார். ரெண்டு துணி வீணாப் போச்சு. பொறகுதான் பாத்தேன், அந்தக் காது. அதான் மெஷின இங்கால போட்டேன். டொக்டர்ட்ட போங்கண்டு செல்லத்தான் செஞ்சேன். சீசன் முடியட்டும், புஷ்பாட்ட மட்டும் செல்லாத, இண்டைக்கே இழுத்துக்கிட்டுப் போயிருவாண்டார். சத்தியம் வாங்கிட்டார் அக்கா. சீசன் முடிஞ்ச பொறகும் நாளைக்கு நாளைக்குண்டே தள்ளிட்டார். அல்லாவுக்காக, சும்மா காது அடைப்புண்டுதான் நானும் நெனச்ச."

புஷ்பவதி திரும்பி வந்தாள். அவர்களுக்குள் ஒன்றுமில்லை என்று தெரிந்துவிட்டது. மாதக்கணக்காக நெஞ்சில் கிடந்த கல் அப்போது இறங்கியிருக்க வேண்டும். இறங்கவில்லை. ஒருத்தி தன் புருஷனைத் தொட்டிருந்தால் சண்டை போடலாம், ஊரைக் கூட்டலாம், முடியைப் பிடிக்கலாம். ஒருத்தி தன் புருஷனுடைய காதைத் தனக்கு முன்னால் கவனித்துவிட்டாள் என்பதற்கு யாரிடம் போய் என்ன சொல்வது? பிள்ளைக்காம்பராவில் ஒரு குழந்தை கிலுகிலுப்பைக்குத் திரும்பவில்லை என்றால் இரண்டே நாளில் தாயைக் கூப்பிட்டுச் சொல்லிவிடுகிறவள் அவள். இருபத்துமூன்று பிள்ளைகளின் காதும் தெரியும். பக்கத்தில் படுத்திருந்த காது தெரியவில்லை.

அதுவும் எந்தக் காது? தாலி கட்டுகிறவரை வலப்பக்கம் உட்கார்ந்திருந்தவளை, கட்டி முடித்ததும் அத்தைமார் கையைப் பிடித்து எழுப்பி இடப்பக்கம் உட்கார வைத்தார்கள். "இனி இதான் ஒம் பக்கம்" என்றாள் பெரியத்தை. இருபத்துநாலு வருஷம் அந்தப் பக்கத்தை விட்டு அவள் அசைந்ததில்லை. படம் பிடிக்கும்போதும், மாத்தளை மாரியம்மன் தேரடியில் கும்பிட்டு நிற்கும்போதும், கட்டிலிலும், இடப்பக்கம். அவர் அந்தப் பக்கமாகவே செவிடாகிப் போயிருக்கிறார்.

அன்று சாயங்காலம் அவள் தலையணையை எடுத்துக்கொண்டு சுற்றி வந்து, சுவர்ப்பக்கம், அவருடைய வலப்பக்கம் உட்கார்ந்தாள். அவர் வியப்போடு பார்த்தார்.

"என்னா, திரும்பத் தாலி கட்டணுமா?" குரல் மணல் மாதிரி வந்தது.

"இந்தப் பக்கம்தானே கேக்குதாம்."

அவர் புரிந்துகொண்டார்.  பிறகு கையால் பழைய பக்கத்தைக் காட்டினார். "அங்கேயே இரு புஷ்பா. இங்க இருந்தா நீ ஏசுறதெல்லாம் கேக்கும்."

அவள் அடித்தாள், தோளில், வலிக்காமல். சிரிப்போடு அழுகையும் வந்தது. ஆனாலும் அந்தச் சிரிப்புக்குள்ளேயே அவளுக்கு இன்னொன்றும் தோன்றியது. இந்த மாதிரி எத்தனை சிரிப்பை அந்த இருட்டு மூலையில் ஒருத்தி எட்டு மாதம் வாங்கிக்கொண்டு போயிருப்பாள்!

கண்டியில் துஷாந்தினி என்றொரு பெண் வந்தாள். டொக்டர் இல்லை. அந்தக் கட்டியைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறவர்களுக்கு நோயாளிகளிடம் கேள்வி கேட்டு எழுதிக்கொடுக்கிற வேலை. கையெழுத்து வாங்கும்போது பழனிமுத்து கேட்டார்: "இதுல எனக்கு ஏதும் சொகமாகுமா மிஸ்?"

"உங்களுக்கு இல்ல ஐயா. இனி வரப்போறவங்களுக்கு."

"அப்ப சரியா சொல்லணும்," என்றார் அவர்.

நோயாளியிடம் தனியாகத்தான் கேட்க வேண்டுமாம். புஷ்பவதி கண்ணாடிக்கு வெளியே வாங்கில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பிள்ளையும் வலப்பக்கம்தான் உட்கார்ந்தாள், யாரோ சொல்லி வைத்த மாதிரி. ஒரு மணிநேரம். சின்ன வயதில் கருவாடு தின்றாரா, கிழமைக்கு எத்தனை நாள், வீட்டில் விறகுப் புகையா, சொந்தத்தில் யாருக்காவது இந்த நோய் உண்டா என்றெல்லாம் கேள்விகளாம். "கருவாடு இல்லாத நாள்ல சோறும் இல்ல மிஸ்" என்று தொடங்கி, ஏழு வயதில் கருவாட்டுத் துண்டுக்காக அண்ணனோடு சண்டை போட்டு அடுப்பில் விழுந்து முழங்கை சுட்டதுவரை சொல்லியிருக்கிறார். அந்தத் தழும்பை இருபத்துநாலு வருஷமாகப் பார்க்கிறாள் அவள். கேட்டால் "சின்ன வயசுல சுட்டது" என்பார், அவ்வளவுதான். அந்தக் கதையைப் பஸ்ஸில் வரும்போது அவரே சொன்னார், மிஸ்ஸிடம் சொன்னேன் என்று. அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

கழுத்துக் கட்டி கரைந்தது. ஆறு மாதத்தில் ஈரலில் வந்து உட்கார்ந்தது. ஜூன் மாதம், மிளகு காய்கிற வெயிலில், ஒரு புதன்கிழமை பகலில் பழனிமுத்து போய்விட்டார். அவள் இடப்பக்கம்தான் இருந்தாள். என்னவோ சொல்லிக்கொண்டிருந்தாள். அவருக்குக் கேட்டிருக்க நியாயமில்லை. சாவுக்கு ஸுலைஹா வந்தாள். லயத்து வாசலில், வெற்றிலைத் தட்டுக்கு அப்பால், பொம்பளைகளோடு சேராமல் தனியாக உட்கார்ந்து அழுதாள். உள்ளே வா என்று புஷ்பவதி கூப்பிடவில்லை.

ஆகஸ்டில் துஷாந்தினி இரத்தோட்டைக்கு வந்தாள். பிள்ளைக்காம்பராவுக்கே தேடிக்கொண்டு வந்தாள். பிள்ளைகள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். சின்ன நாற்காலியில் முழங்கால் முட்ட உட்கார்ந்து கடதாசிகளை விரித்தாள்.

"ஐயாட படிவத்துல ரெண்டு கேள்வி மட்டும் வெறுமையா இருக்கு அக்கா. ஆள் இல்லாட்டி வீட்டுக்காரங்ககிட்ட கேக்கலாம். முதல் அறிகுறி எப்ப தொடங்குச்சு? ஆஸ்பத்திரிக் கோப்புல ரெண்டு மாசம்னு இருக்கு. ஐயா அது பிழைன்னு சொன்னார்."

"அவரே சொன்னாரா?"

"சரியான நாள் எனக்குத் தெரியாது மிஸ், அந்த இடத்த அப்பிடியே விடுங்கன்னார். அளவு தெரியாட்டி அவர் கொப்பியில கட்டம் மட்டும் போட்டு வச்சிருவாராமே, ஆள் வந்து நின்ன பிறகுதான் எழுதுவாராம். குத்துமதிப்பா வெட்டுனா துணி பாழ்னு சொன்னார்." துஷாந்தினி சிரித்தாள். பிறகு தன் குறிப்பைப் பார்த்துச் சற்றுத் தயங்கிப் படித்தாள். "கடையில மெஷின மாத்துன கிழமைலதான் காது நல்லா அடைச்சுச்சுன்னார். அது என்னைக்குன்னு எம் பொஞ்சாதியக் கேளுங்க, அவளுக்கு மறக்காது, அன்னைக்கு கேரியர போட்டுட்டுப் போனவ மூணு நாள் பேசலன்னார்."

புஷ்பவதி தொட்டில் கயிற்றைப் பிடித்திருந்தாள். கை நின்றது. குழந்தை முனகியது. மறுபடி ஆட்டினாள்.

அப்படியானால் அவருக்குத் தெரியும். கேரியரும் தெரியும், மூன்று நாளும் தெரியும், அது எதற்காக என்றும் தெரியும். தெரிந்துகொண்டே எட்டு மாதம் அவளை எரியவிட்டு, துணியைத் தைத்துக்கொண்டிருந்திருக்கிறார். 'அவளுக்கு மறக்காது.' பாராட்டா, குத்தலா என்று கேட்க ஆள் இல்லை.

"சீக்கிரம் வந்திருந்தா?" என்று கேட்டாள்.

துஷாந்தினி பேனாவை மூடித் திறந்தாள். "ஆரம்பத்துல வந்தா நிறையப் பேருக்கு சுகமாகுது அக்கா. ஐயாவுக்கு எப்பிடி இருந்திருக்கும்னு யாராலயும் சொல்ல ஏலாது. அதுக்காகத்தான் இந்தக் கேள்விய எல்லார்ட்டயும் கேக்குறோம். ஒரு பக்கக் காது அடைப்ப வச்சு எவ்வளவு முந்திப் புடிக்கலாம்னு."

இரண்டு மாதம் என்றே இருக்கட்டும் என்று சொல்லிவிடலாம். கோப்பில் இருப்பதும் அதுதான். அவள் சொன்னதுதான். யாரும் கேட்கப் போவதில்லை. ஒரு பல்ப், ஒரு முழம் இடைவெளி, வெளிச்சம் கண்ணில் அடிக்கிறதென்ற ஒரு மடத்தனமான பொய் எல்லாம் அந்தக் கட்டத்துக்கு வெளியே போய்விடும்.

"ஜனவரி பன்னெண்டு," என்றாள். "போன வருஷம். வெள்ளிக்கிழமை."

துஷாந்தினி எழுதினாள். ஆஸ்பத்திரிக்கு வந்த மாதம்வரை விரல்விட்டு எண்ணினாள். பக்கத்துக் கட்டத்தில் 8 என்று போட்டாள். புஷ்பவதி அந்த எட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"முதல்ல கவனிச்சது யாரு? நோயாளி, வாழ்க்கைத்துணை, வேற உறவு, மற்றவர்னு இருக்கு." துஷாந்தினியின் பேனா இரண்டாவது கட்டத்துக்கு மேலே வந்து நின்றது. "நீங்கதானே அக்கா?"

தொட்டில் மூன்று தடவை போய்வந்தது.

"இல்ல."

"அப்ப?"

"ஸுலைஹா."

"சொந்தமா?"

"இல்ல."

"மற்றவர்னா என்ன முறைன்னு எழுதணும் அக்கா. அயலவரா, நண்பரா…"

புஷ்பவதிக்கு அந்த இரண்டு சொல்லும் பிடிக்கவில்லை. ஸுலைஹாவுக்கு ஒரு சொல்லைக் கொடுத்துவிட்டால் அது கடதாசியில் அவருடைய பெயருக்குக் கீழே நிரந்தரமாக இருந்துவிடும்.

"பக்கத்து மெஷின்னு போடுங்க," என்றாள்.

துஷாந்தினி நிமிர்ந்து பார்த்தாள். பிறகு அப்படியே எழுதினாள்.

வேலை முடிந்து அன்று அவள் லயத்துக்குப் போகவில்லை. பஸ்ஸேறிக் கடைத்தெருவில் இறங்கினாள். அவருடைய பெரிய கத்தரிக்கோல் இன்னும் கடையில்தான் இருந்தது. அதை எடுக்கத்தான் என்று தனக்கே சொல்லிக்கொண்டாள்.

கடை திறந்திருந்தது. நடுவில் அவருடைய மெஷின், மேலே ஒரு வெள்ளைத் துணி போர்த்தியிருந்தது. ஜன்னலோரம் மூட்டைகள் குறைந்து இடம் வெறுமையாகக் கிடந்தது. நாலு மணி வெயில் அங்கே சிமெந்துத் தரையில் விழுந்து, முன்பு மெஷினின் கால்கள் இருந்த நாலு துருப்பிடித்த அடையாளங்களைக் காட்டியது. ஸுலைஹா எழுந்து நின்றாள்.

"வாங்க அக்கா. டீ குடிக்கிறீங்களா?"

"வேணாம். கத்தரிக்கோல எடுக்க வந்தேன்."

ஸுலைஹா மேசை லாச்சியைத் திறந்து, துணியில் சுற்றி வைத்திருந்ததை எடுத்து இரண்டு கையாலும் கொடுத்தாள். புஷ்பவதி வாங்கிக்கொண்டாள். உடனே போகவில்லை. போர்த்திய மெஷினுக்கு இடப்பக்கம், அந்த வெயிலில், நாலு அடையாளங்களுக்கு நடுவே நின்றாள்.

"இனி ஜன்னலுக்குப் போயிரலாம்ல நீ?"

ஸுலைஹா உட்கார்ந்து, விட்ட இடத்திலிருந்து விளிம்பை அடிக்கத் தொடங்கினாள். வெளியே மாத்தளை பஸ் ஹோர்ன் அடித்தது. வலது மூலையில், பட்டப்பகலில், அந்த பல்ப் எரிந்துகொண்டிருந்தது.